ஒரு கிளைக்கு இரண்டு பெயர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, "நீ மட்டும் சொன்னா போதுமா, கூட இருந்த இன்னொருத்தரையும் கேட்டு எழுது" என்று சொல்லி அனுப்புவார். நாவலூர் ஆபீஸில் எங்கள் டீமுக்கு அவர்தான் லீடு. நேரில் மேடம் என்று கூப்பிடுவோம். முதுகுக்குப் பின்னால் எங்கள் டீம் பிரபு 'ரெண்டு பேரு' என்று கூப்பிடுவான். அந்தப் பட்டப்பெயர் சரியாகப் பொருந்தியது.

எந்த வேலையாக இருந்தாலும் அதை இரண்டு பேர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அது அவருக்குக் கொள்கை இல்லை, வியாதி. ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் ஏதாவது கண்ணில் பட்டால் உட்கார மாட்டார். ஏன் மேடம் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு. உனக்குப் பயமா இல்லையா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்குப் பயமாக இல்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

அவர் கல்பாக்கம் டவுன்ஷிப்பிலிருந்து வருவார். நானும் அதே டீமில் இருந்த கவிதாவும் மாமல்லபுரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கம், அவளுக்குக் கடப்பாக்கம். பூஞ்சேரி கூட்டுரோட்டில் நின்றால் கம்பெனி பஸ் வரும். மேடம் முன்சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலையில் டிரைவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு உங்களுக்கு முடியலன்னா யாரு ஓட்டுவாங்க?"

"இன்னா மேடம், வண்டி எடுக்க சொல்லவே அபசகுனமா பேசினு."

"அதில்ல. எந்தெந்த இடத்துல யார் ஏறுவாங்கன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"எனுக்குத் தெரியும். அது போதாதா?"

போதாது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு மூன்று நாள் தொடர்ந்து போன் போட்டார். நான்காம் நாள் மாற்று டிரைவர் ஒருவர் பழைய டிரைவர் பக்கத்தில் நோட்டும் கையுமாக உட்கார்ந்து வந்தார். திருப்போரூரில் ஏறும் கர்ப்பிணிப் பெண்ணுக்காக ஸ்டாப்பைத் தாண்டி மரத்தடியில் நிறுத்த வேண்டும் என்பதுவரை எழுதிக்கொண்டார். பழைய டிரைவர் வழி முழுக்க முறைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "என் வேலைக்கு வேட்டு வெக்கறாங்கம்மா அவங்க."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அவர் வீட்டுக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையனின் பிறந்தநாள். சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மோட்டார் வால்வு, காஸ் ரெகுலேட்டர், பால்காரர் போன், மாமியாரின் மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பெயர். எட்டு வயதுப் பையனின் பெயர் மாமியாரின் மாத்திரைக்கு எதிரே இருந்தது. பையனைக் கூப்பிட்டு, "பாட்டிக்குக் காலையில எது?" என்றார். அவன் கேக் வாயோடு ஒப்பித்தான்.

அவர் கணவர் எனக்குத் தட்டைக் கொடுத்தபடி சொன்னார்: "எங்க வீட்டுல யாரு செத்தாலும் எந்த வேலையும் நிக்காதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "நிக்கக் கூடாதுல்ல?" என்றார். இது என்ன வீடா, கண்ட்ரோல் ரூமா என்று கூட வந்திருந்த கவிதாவிடம் திரும்பும்போது பஸ்ஸில் கத்திக்கொண்டே வந்தேன்.

இப்படிப்பட்டவர் கையில் அந்த மைண்ட் மேப் கிடைத்தது.

பிரவுசரிலேயே வரையும் மைண்ட் மேப் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. நடுவில் ஒரு வட்டம், அதிலிருந்து கிளைகள், கிளையிலிருந்து கிளைகள். இதைத் தாளிலும் வரையலாம். ஆனால் இதில் பதினோரு பேரும் அவரவர் இடத்திலிருந்தே ஒரே படத்தில் ஒரே நேரத்தில் எழுதலாம். ஆளுக்கொரு நிறம். எனக்கு நீலம், கவிதாவுக்குப் பச்சை, பிரபுவுக்கு ஆரஞ்சு, மேடத்துக்குச் சிவப்பு. யார் எதை எழுதினாலும் அழித்தாலும் மற்ற பத்துத் திரையிலும் அந்த நொடியே தெரியும். யார் செய்தது என்றும் தெரியும்.

நாங்கள் வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் செய்துகொண்டிருந்தோம். மேடம் நடுவட்டத்தில் பிராஜெக்ட் பெயரைப் போட்டார். ஒவ்வொரு வேலையையும் ஒரு கிளையாக்கினார். கிளையின் நுனியில் அந்த வேலை தெரிந்தவர்களின் பெயர். ஒரு பெயர் மட்டும் இருந்தால் அந்தக் கிளையைச் சிவப்பாக்கிவிட்டு நேரே வந்து மேஜை பக்கத்தில் நிற்பார்.

"யாருக்குச் சொல்லித் தரப் போற?"

"டைம் இல்ல மேடம்."

"சரி, நிக்கிறேன்."

நிற்பார். உண்மையாகவே நிற்பார். சொல்லித் தர ஒத்துக்கொள்ளும்வரை நகர மாட்டார். சொல்லித் தந்த பிறகும் சும்மா பெயரைச் சேர்க்க விட மாட்டார். கற்றுக்கொண்டவரை உட்கார வைத்து அந்த வேலையைத் தனியாகச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். தெரிந்தால்தான் பெயர். தெரியாதவன் பெயரைப் போட்டால் அது பொய். பொய் என்ற வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் சுருங்கும்.

என் கிளை, க்ளெய்ம் ரிப்போர்ட். அந்தப் பிராஜெக்டிலேயே சிக்கலான பகுதி அதுதான். ஒன்றரை வருடம் நான் மட்டும் வைத்திருந்தேன். மேடம் இரண்டு நாள் நின்றார். மூன்றாம் நாள் கவிதாவுக்குச் சொல்லித் தர ஆரம்பித்தேன். அவள் எனக்கு மூன்று வருடம் ஜூனியர். கெட்டிக்காரி. ஒரு மாதத்தில் பிடித்துக்கொண்டாள். என் பெயருக்குக் கீழே அவள் பெயர் வந்தது.

அடுத்த மாதம் எனக்கு அம்மை போட்டது. பத்து நாள் அச்சரப்பாக்கத்தில் வேப்பிலைக்கு நடுவே கிடந்தேன். ரிப்போர்ட்டில் ஏதோ உடைந்து வெளிநாட்டுக்காரன் கத்தியிருக்கிறான். கவிதா அரை நாளில் சரிசெய்துவிட்டாள். எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. திரும்பி வந்தபோது மேடம் சந்தோஷமாகச் சொன்னார்: "பாத்தியா, உன்னை யாரும் தேடவே இல்ல."

அது அவர் சொல்லக்கூடிய பெரிய பாராட்டு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு அப்ரைசல் வந்தது. மேப்பில் யார் பெயர் அதிகக் கிளையில் இருக்கிறதோ அவனுக்கு நல்ல மார்க் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று தெரியாது. மேடம் தவிர மற்ற பத்துப் பேரும் வெறிபிடித்தது போல ஒருவர் வேலையை ஒருவர் கற்றுக்கொண்டோம். மேடத்தின் முன்னால் வரிசையில் நின்று செய்து காட்டிப் பெயரைப் போட்டுக்கொண்டோம். ஒரு கிளையில் நான்கு பெயர்கூட வந்தது. மேப் பார்க்க மாமரம் மாதிரி இருந்தது. நாங்களே மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு பெருமைப்பட்டோம்.

ஒரே ஒரு கிளையில் மட்டும் ஒற்றைப் பெயர் நின்றது. ரிலீஸ். நாங்கள் எழுதியதையெல்லாம் கட்டி வெளிநாட்டுக்காரனின் சர்வரில் ஏற்றும் வேலை. நாற்பது படி. ஒன்று தப்பினால் அவன் ஆபீஸே நிற்கும். அது மேடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

பிரபு விடவில்லை. "இன்னா மேடம், ஊருக்கெல்லாம் ரெண்டு பேரு, உங்க கிளையில மட்டும் ஒண்டிக்கட்டையா கீது?"

மேடத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆள் தேடிட்டுத்தான் இருக்கேன். பொறுமையான ஆள் வேணும்."

"நான் இல்லியா மேடம்?"

"நீ டீ ஆறுறவரைக்கும்கூடப் பொறுக்க மாட்ட."

அந்த வருடக் கடைசியில் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தன. எங்கள் மாடியில் பக்கத்து டீம் ஆட்கள் காலையில் வந்து கார்டைத் தேய்த்தால் கதவு திறக்காது. செக்யூரிட்டி ஓரமாக நிற்கச் சொல்வான். அவர்கள் பை மட்டும் வெளியே வரும். எங்கள் டீமிலும் ஆள் குறைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை உட்கார்ந்து முடிவு செய்வோம் என்று மேனேஜர் மேடத்திடம் சொன்னார். கூடவே ஒன்று சொன்னார்: அந்த மேப்பை புரொஜெக்டரில் போடுங்கள்.

பிரபுதான் எனக்கு விளக்கினான். கேண்டீனில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் புரியலயாக்கா? எங்கெல்லாம் ரெண்டு பேரு கீதோ அங்கெல்லாம் ஒருத்தன் எக்ஸ்ட்ரா. ரெண்டுல எவன் சம்பளம் ஜாஸ்தியோ அவன் வூட்டுக்குப் போவான். நம்ம குழிய நம்மளே தோண்டி, யாரு எவ்ளோ ஆழம் தோண்டனான்னு பேரு வேற எழுதி வெச்சிகினு கீறோம்."

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்திருந்தார்கள். நிலம் குத்தகைக்குப் போயிருந்தது. என் சம்பளத்தில்தான் அச்சரப்பாக்கத்தில் அடுப்பு எரிந்தது. க்ளெய்ம் ரிப்போர்ட் கிளையில் இரண்டு பெயர். இரண்டில் சம்பளம் அதிகம் எனக்கு.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து மேப்பில் பெயர்கள் உதிர ஆரம்பித்தன. ஒவ்வொருவனும் தன் கிளையிலிருந்து அடுத்தவன் பெயரை அழித்தான். பதினோரு மணிக்கு மேடம் பழைய நிலைக்கு எல்லாவற்றையும் கொண்டுவந்தார். நடுவட்டத்தின் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி போட்டார்: 'தெரிஞ்சவங்க பேரை யாரும் எடுக்காதீங்க. அது பொய்.' எல்லோரும் அடங்கிவிட்டார்கள்.

நான் அடங்கவில்லை.

மதியம் மூன்று மணி. என் கிளையில் கவிதாவின் பெயரை அழித்தேன். அவள் எனக்குப் பக்கத்து இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு வேறு ஏதோ வேலையில் இருந்தாள். அவள் திரையில் மேப் இல்லை.

பத்து நொடி. சிவப்பு நிறத்தில் 'கவிதா' திரும்ப வந்தது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். மேடம் இருபதடி தூரத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழித்தேன். வந்தது.

அழித்தேன். வந்தது. இந்தமுறை இன்னும் சீக்கிரம் வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு கை ஓங்கவில்லை. மாடி முழுக்கக் கீபோர்டு சத்தம்தான். நெற்றியில் வேர்த்தது.

அப்போது கவிதா திரும்பினாள். நான் மேப்பைக் கீழே இறக்கினேன்.

"அக்கா, இந்தா." கடலை மிட்டாயைப் பாதியாக உடைத்து நீட்டினாள். "இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஜுரமா?"

"ஒண்ணுமில்ல."

"நீ பயப்படாதக்கா. உன்ன எடுத்துட்டு இவனுங்க இன்னா பண்ணுவானுங்க? உன்னாண்ட கத்துக்கினவதான நானே."

மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். அவள் திரும்பியதும் மேப்பை மேலே கொண்டுவந்து நான்காம் முறை அவள் பெயரை அழித்தேன்.

கவிதாவின் பெயர் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மேப்பின் அந்தக் கோடியில், ரிலீஸ் கிளையில், மேடத்தின் பெயருக்குக் கீழே ஒரு பெயர். என் பெயர்.

எழுந்து போனேன். கதவைத் தட்டவில்லை.

"என்ன மேடம் இது?"

"படிக்கத் தெரியாதா?"

"எனக்கு ரிலீஸ் தெரியாது. தெரியாதவங்க பேரைப் போட்டா பொய்யின்னு நீங்கதான சொன்னீங்க?"

"இப்ப பொய்தான். வெள்ளிக்கிழமைக்குள்ள உண்மையாக்கணும். உக்காரு."

"கவிதா பேரு..."

"அது இருக்கும். அவளுக்குத் தெரியும். நீ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்க." அதைச் சொல்லும்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"அப்போ உங்க இடம் என்ன ஆகும்?"

"வாய மூடிட்டு நோட்டை எடு."

கருணையாகச் சொல்லித் தந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். செவ்வாய் மாலையும் புதன் முழுக்கவும் என்னை வறுத்தெடுத்தார். ஒரு படியை மறந்தால் முதலிலிருந்து. ஒரு இடத்தில் சர்வர் தப்பு என்று சொல்லும். ஆனால் தப்பில்லை, பத்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் அதுவே சரியாகும். அந்தப் பத்து நிமிடம் என் கை சும்மா இருக்கவில்லை. மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். "இங்கதான் எல்லாரும் அவசரப்பட்டு உடைப்பாங்க. கையைக் கட்டு. பள்ளிக்கூடத்துல கட்டுவல்ல, அப்படிக் கட்டு." இருபத்தாறு வயதில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரபு கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனான். எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

வியாழக்கிழமை நிஜமான ரிலீஸ் இருந்தது. "நீ பண்ணு" என்று எழுந்துகொண்டார். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மூன்று மணி நேரம். இருபத்து மூன்றாம் படியில் நான் தப்பான இடத்தைக் கிளிக் செய்யப் போனேன். அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தெரியும் என்று அவரால் எழுத முடியாது. நான் கையை எடுத்தேன், நோட்டைப் பார்த்தேன், சரியான இடத்தை அழுத்தினேன். பின்னாலிருந்து மூச்சு வெளியே வந்தது.

நாற்பது படியும் முடிந்தது. வெளிநாட்டுக்காரன் சரி என்று மெயில் போட்டான். மேடம் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. தன் இடத்துக்குப் போய் மேப்பைத் திறந்து ரிலீஸ் கிளையின் சிவப்பை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை புரொஜெக்டரில் மேப் விழுந்தது. குறிப்பு எடுக்க என்று மேடம் என்னையும் உள்ளே உட்கார வைத்திருந்தார். மேனேஜர் ஒவ்வொரு கிளையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ரிலீஸில் நின்றார்.

"இதுல எப்போலருந்து ரெண்டு பேரு?"

"நேத்திலருந்து."

"இந்தப் பொண்ணு தனியாப் பண்ணுமா?"

"நேத்துப் பண்ணிட்டா."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். அவருக்கு மேடத்தைப் பிடிக்கும். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க போட்ட பேருதான? அவளுக்கு இன்னும் சரியா வரலன்னு சொன்னா நான் எழுதிக்கிறேன்."

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் இருப்பார், நான் போவேன். மேடம் திரையில் இருந்த கிளையைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. பயம் இருந்தது. அதற்குமேல் ஒரு நிம்மதியும் இருந்தது. அரிப்பு நின்றவர் முகம் மாதிரி.

"வருது. எனக்கு எவ்வளவு தெரியுமோ அவளுக்கும் அவ்வளவு தெரியும்."

அடுத்த வாரம் மூன்று பேர் போனார்கள். பிரபு, இன்னொரு பையன், மேடம். டீமிலேயே அதிகச் சம்பளம் அவருக்குத்தான்.

எனக்காகத்தான் செய்தார் என்று கவிதா சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒற்றைப் பெயராக ஒரு கிளை நின்றது, அதைத் தாங்க முடியாமல் செய்தார் என்றுதான் தோன்றும். இரண்டாவது பெயருக்கு நான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தேன், அவ்வளவுதான். எனக்காகச் செய்திருந்தால் நன்றி சொல்லித் தீர்த்துவிடலாம். இதற்கு யாரிடம் போய் என்ன சொல்வது? அதனால் நான் அவருக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. பஸ்ஸில் முன்சீட்டில் வேறு யாரோ உட்கார்ந்து வந்தார்கள்.

அவர் லாகினை மூடியதும் மேப்பில் அவர் பெயர் இருந்த இடமெல்லாம் காலியானது. ரிலீஸ் கிளையில் என் பெயர் மட்டும் நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, சீக்கிரம் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடு என்றார். சரி சார் என்றேன்.

அன்று மதியமே கவிதா தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தாள். கையில் புது நோட்டு.

"அக்கா, ரிலீஸ எனுக்குக் காட்டறியா? நான் கம்முனு உக்காந்து பாக்கறேன். தொந்தரவு பண்ண மாட்டேன்."

"அடுத்த ரிலீஸ்ல காட்டறேன்."

"எப்பக்கா அது?"

"தேதி சொல்றேன்."

அவள் நாற்காலியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனாள். வெளிநாட்டுக்காரன் இரண்டு தேதி கொடுத்து எது வசதி என்று கேட்டிருந்தான். லீவு சார்ட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு வியாழக்கிழமை, அண்ணன் கல்யாணத்துக்காகக் கவிதா கடப்பாக்கத்துக்குப் போகிறாள். அந்த வியாழக்கிழமையே வசதி என்று பதில் எழுதினேன்.